ஹென்றி என்பது ஓர் அலகு மட்டுமன்று

பொறியியல் படிக்கும் நம் பேரவை நண்பர்களுக்கு ஹென்றி என்றால் ஓர் அலகு. மின்தூண்டலை அளக்கும் அலகு. தேர்வில் மில்லிஹென்றியை ஹென்றியாக மாற்ற மறந்து மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டவர்கள் நம்மில் பலர். நானும் அவர்களில் ஒருவன். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்பது விரிவுரை மண்டபத்தில் எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் ஆண்டுத் தொழிற்பயிற்சியின்போது, ஒரு நீரேற்று நிலையத்தில், நானே பாழாக்கிய ஓர் அட்டையின் முன்னால் தலைகுனிந்து நின்ற பிறகுதான் தெரிந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த நிலையத்தின் மூன்று மோட்டார்களையும் பல கிலோமீட்டர் தள்ளி இருந்த கட்டுப்பாட்டு அறையிலிருந்தே ஓட்டவும் நிறுத்தவும் வேண்டும். அங்கிருந்து வரும் கட்டளையை வாங்கும் கருவியால் 24 வோல்ட்டில் சிறிதளவு மின்னோட்டத்தை மட்டுமே தர முடியும். மோட்டாரை இயக்கும் பெரிய காண்டாக்டருக்கோ 240 வோல்ட் தேவை. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் ரிலே பெட்டி. மெலிந்த மின்னோட்டம் ரிலேயின் சுருளுக்குள் ஓடினால் அது காந்தமாகிறது. ஒரு சிறு தகட்டை இழுக்கிறது. தகடு தொடுமுனையை மூடுகிறது. அந்தத் தொடுமுனை வழியாக வலுவான மின்னோட்டம் போகிறது. இரண்டு மின்சுற்றுகளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

பெட்டியைப் பொருத்தும் வேலையில் எனக்குக் குருவாக வாய்த்தவர் முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒரு வயர்மேன் அண்ணன். தோட்டத்தில் பிறந்து, பட்டறையில் தொழில் பழகியவர். ரெயிலை மட்டம் பார்த்துப் பதித்து, பதினாறு ரிலேக்களை வரிசையாக மாட்டி, வயர் ஓடும் டிரங்கிங்கை அளந்து வெட்டுவதற்குள் ஒரு நாள் போய்விட்டது. 24 வோல்ட் வயரும் 240 வோல்ட் வயரும் ஒரே டிரங்கிங்கில் ஓடக்கூடாது என்றார். வயரை மாட்டுவதற்கு முன்பே இரு முனைகளிலும் எண் போட வேண்டும், திருகிய பிறகு ஒவ்வொன்றையும் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டியின் கதவில் இருக்கும் லோக்கல்-ரிமோட் சுவிட்ச். நிலையத்தில் ஒருவர் மோட்டாரில் கை வைத்திருக்கும்போது, எங்கோ ஓர் அறையில் இருப்பவர் பொத்தானை அழுத்தினால் அது சுழலக்கூடாது அல்லவா? அந்த ஒரு சுவிட்சின் வயரிங்கை மட்டும் அவர் யாரிடமும் விடவில்லை.

மறுநாள் அவர் வரவில்லை. நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட எண்ணி, ரிலே சுருள்களைக் கருவியின் டிரான்சிஸ்டர் அட்டையோடு நேராக இணைத்துச் சோதித்தேன். டிக் டிக் என்று எல்லாம் அழகாக வேலை செய்தன. சற்று நேரத்தில் ஒரு ரிலே விடுபட மறுத்தது. பிறகு இன்னொன்று. மாலைக்குள் நான்கு வெளியீடுகள் செத்துவிட்டன. ஒவ்வொரு சுருளுக்கும் குறுக்கே போட வேண்டிய டையோடை நான் போடவே இல்லை. மின்னோட்டம் ஓடும்போது சுருள் தன் காந்தப்புலத்தில் ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. திடீரென்று துண்டித்தால், அந்த ஆற்றல் போக வழியின்றி, 24 வோல்ட் இருந்த இடத்தில் ஒரு கணம் நூற்றுக்கணக்கான வோல்ட்டாக எகிறுகிறது. டிரான்சிஸ்டர் அதைத் தாங்காது. அண்ணன் வந்து பார்த்தார், திட்டவில்லை. சோற்றுத் தட்டைப் பிடுங்கினால் நாய் கடிக்கும், சுருளும் அப்படித்தான் என்று மட்டும் சொன்னார். சில சென் விலையுள்ள பொருளை விட்டதனால், என் பயிற்சிப் படியைவிட விலை கூடிய அட்டைக்காக ஒரு வாரம் காத்திருந்தோம்.

அந்த ஒரு வாரத்தில்தான் சுருளின் இந்தக் கடியை முதலில் பட்டறிந்து எழுதியவரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். ரிலேயைக் கட்டி இயக்கிய முன்னோடியும் அவரே என்று கண்டபோது எனக்கு வியப்பு தாளவில்லை.

ஜோசப் ஹென்றி 1797 டிசம்பர் 17-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகரில் பிறந்தார். வறிய குடும்பம். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். பாட்டி வீட்டில் வளர்ந்து, மளிகைக் கடையில் எடுபிடியாக இருந்து, பதின்மூன்று வயதளவில் கடிகாரமும் வெள்ளிப் பொருளும் செய்பவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அவருடைய ஆசையெல்லாம் அப்போது நாடக மேடைமீதே இருந்தது. பதினாறு வயதில் தற்செயலாகக் கையில் கிடைத்த ஓர் எளிய அறிவியல் நூல் அவரைத் திசை திருப்பியது. 1819-இல் ஆல்பனி அகாடமியில் கட்டணமின்றிப் படிக்க இடம் கிடைத்தது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் செலவைச் சமாளித்தார். டியூஷன் எடுத்துப் படித்து முடித்த நம் சீனியர்கள் சிலரின் கதைதான். 1826-இல் அதே அகாடமியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பேராசிரியரானார். ஆய்வுக்கு அவருக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் ஆகஸ்டு மாத விடுமுறை மட்டுமே.

அந்த விடுமுறைகளில் அவர் செய்த வேலையை வயரிங் வேலை என்று சொன்னால் மிகையில்லை. இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன் 1820-களின் நடுவில் மின்காந்தத்தைச் செய்து காட்டியிருந்தார். ஆனால் அவர் இரும்பின்மீது மெருகெண்ணெய் பூசி, வெற்றுக் கம்பியை இடைவெளி விட்டுச் சுற்றியிருந்தார். ஹென்றி இரும்பை விட்டுவிட்டுக் கம்பிக்கே உறை போட்டார். பட்டு சுற்றிய கம்பியை நெருக்கமாக, அடுக்கின்மேல் அடுக்காகச் சுற்றினார். மனைவியின் பட்டுப் பாவாடையைக் கிழித்துச் சுற்றினார் என்றொரு கதை உண்டு. கேட்கச் சுவைதான், நான் நம்பவில்லை. 1831-இல் யேல் கல்லூரிக்காக அவர் செய்த மின்காந்தம் 2063 பவுண்டு எடையைத் தாங்கியது. ஏறக்குறைய 936 கிலோ.

ஆனால் எடையைத் தூக்கியதைவிடப் பெரிய செய்தி வேறொன்று. 1825-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேய அறிஞர், கம்பி நீள நீள மின்னோட்டம் மெலிந்துவிடுவதால் மின் தந்தி நடைமுறைக்கு ஆகாது என்று முடிவு கட்டியிருந்தார். ஹென்றி கண்டது, காந்தங்களில் இரு வகை உண்டு என்பது. குறுகிய சுருள்கள் பலவற்றைப் பக்கப் பக்கமாக இணைத்த காந்தம், அருகில் உள்ள ஒரே மின்கலத்தோடு பெரும் எடையைத் தூக்கும். ஆனால் தொலைவுக்கு உதவாது. ஒரே நீண்ட கம்பியைப் பல சுற்றுகள் சுற்றிய காந்தத்தை, தொடராக இணைத்த பல மின்கலங்களோடு சேர்த்தால், நெடுந்தொலைவுக்கு அப்பாலும் அது வேலை செய்யும். 1831-இல் ஆல்பனியில் ஒரு மைலுக்கும் அதிகமான கம்பியை அறையைச் சுற்றி ஓடவிட்டு, அதன் மறுமுனையில் ஒரு மணியை அடித்துக் காட்டினார். எங்கள் பதினாறு ரிலேக்களிலும் சுருளுக்கு இத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. சுருளும் மின்மூலமும் தொலைவும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்ற அந்தப் பாடத்தின் வேர் ஆல்பனியின் ஆகஸ்டு மாதங்களில் இருக்கிறது.

அதே ஆண்டுகளில்தான், நீண்ட கம்பியில் மின்னோட்டத்தைத் துண்டிக்கும்போது பளிச்சென்று ஒரு பொறி பறப்பதையும், கம்பியைச் சுருளாகச் சுற்றினால் பொறி இன்னும் வலுப்பதையும் கவனித்தார். அதுதான் தன்தூண்டல். என் அட்டையைக் கடித்தது அதுதான். 1832 ஜூலையில் அதை அச்சில் வெளியிட்டார். ஆனால் காந்தத்திலிருந்து மின்சாரம் பெறும் தூண்டல் விளைவை மைக்கேல் ஃபாரடே 1831-இலேயே கண்டு, முந்தி வெளியிட்டுவிட்டார். ஹென்றியும் தனியே அதை எட்டியிருந்தார். எழுதத் தாமதித்ததால் முதல்வர் என்ற பெயர் ஃபாரடேக்குப் போனது. அது நியாயம்தான் என்று நினைக்கிறேன். எழுதாத கண்டுபிடிப்பு பிறருக்கு எப்படித் தெரியும்?

1832 இறுதியில் அவர் பிரின்ஸ்டன் கல்லூரிக்கு மாறினார். அங்கே மாணவர்கள் முன்னால் அவர் நடத்திய ஒரு சோதனையை நான் பலமுறை மனக்கண்ணில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பெரிய மின்காந்தம் ஒன்று நூற்றுக்கணக்கான பவுண்டு எடையைத் தாங்கித் தொங்குகிறது. அதன் மின்சுற்றில் ஓரிடத்தில் அசையக்கூடிய சிறு கம்பித் துண்டு. அதற்கு மேலே சிறு காந்தம் ஒன்று. அதன் சுருள் நீண்ட கம்பி வழியாகத் தொலைவில் உள்ள மின்கலங்களோடு இணைந்திருக்கிறது. தொலைவிலிருந்து மின்னோட்டம் அனுப்பியதும் சிறு காந்தம் கம்பித் துண்டை மேலே இழுக்கிறது. பெரிய மின்சுற்று அறுபடுகிறது. எடையெல்லாம் தரையில் விழுகிறது. மெலிந்த மின்னோட்டம் வலுத்த மின்னோட்டத்துக்குக் கட்டளையிட்டது. நானும் அண்ணனும் செய்த பெட்டி முழுவதும் அதற்குள் இருக்கிறது. 1830-களின் நடுவில், தம் ஆய்வுக்கூடத்துக்கும் வளாகத்திலேயே இருந்த தம் வீட்டுக்கும் கம்பி இழுத்து, தரையையே திரும்பு வழியாக்கி, வீட்டுக்குச் செய்தி அனுப்பி வந்தார்.

1837-இல் இலண்டன் சென்றபோது சார்லஸ் வீட்ஸ்டனைச் சந்தித்தார். இரண்டாவது மின்சுற்றை இயக்கும் எண்ணத்தை அவரும் தனியே எட்டியிருந்தார். இருவரும் தத்தம் முறையைச் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் ஹென்றி எதற்கும் காப்புரிமை கேட்கவில்லை. அறிவியலில் கண்டதைத் தனியொருவர் உடைமையாக்குவது தகாது என்பது அவர் கொள்கை. தாம் அளவுக்கு மீறிக் கூச்சப்பட்டுவிட்டோமோ என்று பிற்காலத்தில் அவரே எண்ணியதுண்டு.

எண்ணாமல் இருக்க முடியாதுதான். சாமுவேல் மோர்ஸ் ஓர் ஓவியர். அவருடைய தந்திக்கருவி நீண்ட கம்பியில் வேலை செய்யாமல் தவித்தபோது, ஹென்றியின் கட்டுரைகளைப் படித்திருந்த லெனர்ட் கேல் என்ற பேராசிரியர்தான் கைகொடுத்தார். 1839-இல் மோர்ஸ் பிரின்ஸ்டனுக்கே வந்து ஹென்றியிடம் ஆலோசனை கேட்டார். 1842-இல் ஹென்றி அவருக்கு ஆதரவாகக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். 1844 மே 24-இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே தந்தி ஓடியது. அடுத்த ஆண்டே மோர்ஸின் கூட்டாளி எழுதிய நூலில் ஹென்றியின் பங்கு ஏறக்குறைய மறைந்துபோனது. பின்னர் காப்புரிமை வழக்கில் ஹென்றி சாட்சி சொல்ல நேர்ந்தது. தமக்குத் தெரிந்ததை உள்ளபடி சொன்னார். அதற்காக 1855-இல் மோர்ஸ் அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆட்சிக்குழு ஆராய்ந்து, 1857-இல் ஹென்றி பக்கமே நியாயம் என்று அறிவித்தது.

அந்த ஸ்மித்சோனியனுக்கு 1846-இல் முதல் செயலாளராகப் பொறுப்பேற்றவர் அவர்தான். இறக்கும்வரை, ஏறக்குறைய முப்பத்திரண்டு ஆண்டுகள், அதுவே அவர் வாழ்க்கை. தந்தி நிலையங்கள் வழியாக வானிலைச் செய்திகளைத் திரட்டி, 1856-இல் பொதுமக்கள் பார்க்க ஒரு வரைபடத்தில் காட்டச் செய்தார். தாம் கருவிட்ட தந்தியின் பயனை இப்படித்தான் அனுபவித்தார் போலும். 1862-இல் மகன் இறந்தார். 1865 ஜனவரியில் கட்டடத்தில் தீப்பிடித்து, அவருடைய கடிதங்களும் குறிப்புகளும் பெருமளவு எரிந்துபோயின. 1875-இல் இளைஞர் அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் தம் எண்ணத்தோடு வந்து, தமக்கு மின்னியல் அறிவு போதாது என்று தயங்கியபோது, போதாதென்றால் கற்றுக்கொள் என்று ஊக்கி அனுப்பியவரும் இவரே.

இவ்வளவும் படித்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இன்னொரு பெயர் கண்ணில் பட்டது. சாம் பார்க்கர். பிரின்ஸ்டனில் 1840 முதல் ஹென்றியின் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்த கறுப்பின மனிதர், அடிமையல்லர், சுதந்திரர். மின்கலங்களைத் தயார் செய்வதும் கருவிகளைப் பூட்டுவதும் அவர் வேலை. மின் அதிர்ச்சியின் வலுவைச் சோதிக்கத் தம் உடலையே தந்திருக்கிறார். 1842-இல் அவர் நோயுற்றபோது ஹென்றியின் ஆய்வே நின்றுபோனது. ஹென்றியே அதை எழுதியிருக்கிறார். அதே ஹென்றிதான் 1862-இல், அடிமை முறையை எதிர்த்த பிரெடெரிக் டக்ளஸ் என்ற கறுப்பினத் தலைவர் ஸ்மித்சோனியன் அரங்கில் பேச இடமளிக்க மறுத்தார். இதைப் படித்தபோது எனக்குக் கசந்தது. தொலைவுக்குக் கம்பி இழுக்கத் தெரிந்தவருக்கு அருகில் நின்றவரை எட்டத் தெரியவில்லையே. அவருடைய சுருளை மெச்சுகிறேன். இதை என்னால் மெச்ச முடியவில்லை.

ஹென்றி 1878 மே 13-இல் வாஷிங்டனில் காலமானார். 1893-இல் சிகாகோவில் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு மின்தூண்டலின் அலகுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

புதிய அட்டை வந்தது. பதினாறு சுருள்களுக்கும் பதினாறு டையோடுகள். வெள்ளைக் கோடு எந்தப் பக்கம் என்று அண்ணன் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். திசை மாறினால் குறுக்கு மின்சுற்றாகி வேறு வம்பு வரும். சுவிட்சை ரிமோட்டுக்குத் திருப்பி, கட்டுப்பாட்டு அறைக்குத் தொலைபேசியில் சொன்னோம். டிக் என்றது, காண்டாக்டர் தடாலென்று மூடியது, மோட்டார் சுழன்றது. திரும்பும் வழியில் வேனில் இந்தக் கதை முழுவதையும் அண்ணனிடம் சொன்னேன். ஆல்பனி, மோர்ஸ், வழக்கு எல்லாவற்றையும் உம் கொட்டிக் கேட்டு வந்தவர், சாம் பார்க்கர் வந்ததும் வேனின் வேகத்தைக் குறைத்தார். அந்த ஆள் பேரில் ஏதும் அலகு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை அண்ணே என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, வழியில் டீ குடித்துவிட்டுப் போகலாம் என்றார்.