பேராசிரியர் பாவ்லோவ்

மணியோசை கேட்டு வாயூறிய நாயின் கதையை அறியாத மாணவர் நம்முள் இலர். அக்கதைக்குரிய ருஷ்யப் பேரறிஞர் இவான் பாவ்லோவ், அதற்கு முன்னரே ஈரலைக் குறித்துச் செய்த சோதனையை அறிந்தவரோ மிகச் சிலர். 2022-ஆம் ஆண்டில் விருதுநகரில் அரசினர் மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றமையின், நம் சிவகாசிப் பிள்ளைகளில் வைத்தியம் பயில விழைவார்க்குப் பயன்படுமென்று கருதி அதனை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பாவ்லோவ் 1849-இல் ரியாசான் நகரில் ஒரு குருவானவரின் தலைமகனாய்ப் பிறந்தார். தந்தையின் தொழிலுக்கென்றே வேதசாஸ்திரப் பள்ளியிற் பயின்றவர், இயற்கை நூலில் வேட்கை மீதூர, 1870-இல் பீட்டர்ஸ்பர்க் சர்வகலாசாலையை அடைந்தார். 1879-இல் வைத்தியப் பட்டம் பெற்றும் வறுமை அவரை விட்டிலது; 1890-இல் பேராசிரியரான பின்னரே இல்லத்தில் கவலை குறைந்தது. ரணசிகிச்சையில் இரு கைகளும் ஒருங்கே பழகியவர் அவர்.

நிற்க. குடலிலும் மண்ணீரலிலுமிருந்து வரும் இரத்தம் நேரே இருதயத்தை அடைவதன்று. வாயிற்சிரை என்னும் பெருநாளத்தின் வழியே முதலில் ஈரலுட் புகுந்து, ஆங்குப் பக்குவமடைந்தே மேற்செல்லும். ஈரல் பெறும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்காற்பங்கு இவ்வழி வருவது. எஞ்சியது ஈரல் தமனி தருவது. குடியாலோ பிற நோயாலோ ஈரல் இறுகிவிடின், மடை அடைபட்ட கண்மாயில் நீர் ஏறுவதுபோல் பின்னே அழுத்தம் ஏறும். உணவுக்குழலின் நாளங்கள் புடைத்து வெடிக்க, நோயாளி இரத்தமாய்க் கக்குவார்.

கரையை வெட்டி நீரை ஓடையில் விடுவதுபோல, வாயிற்சிரையைக் கீழ்ப்பெருஞ்சிரையோடு இணைக்கும் உபாயத்தை 1877-இல் நிக்கோலாய் எக் என்பவர் எட்டு நாய்களிடம் செய்து பார்த்தார். ஏழு நாய்கள் ஒரு வாரத்துள் மடிந்தன. பிழைத்த ஒன்றும் இரண்டரை மாதத்தில் ஓடிப்போயிற்று. இவ்வளவைக் கொண்டே மனிதர்க்கும் இது ஆகுமென அவர் துணிந்தது நமக்கு வியப்பையே தருகின்றது.

பாவ்லோவ் அவ்வாறு துணிந்திலர். 1893-இல் அவரும் துணைவரும் வெளியிட்ட சோதனையில், மாமிசம் உண்ட நாய்கள் சினந்து சீறின, கால் தள்ளாடின, பார்வை இழந்தன, வலிப்புற்று நினைவொழிந்தன. தேறியவற்றுட் சில, பின்னர் மாமிசத்தைத் தாமே மறுத்தன! ஈரலைச் சுற்றிப்போன இரத்தம் நஞ்சோடு மூளையைச் சேர்ந்தது என்பது விளங்கிற்று.

1945-இல் நியூயார்க்கில் விப்பிள் முதலியோர் இச்சிகிச்சையை மனிதர்க்குச் செய்து வெளியிட்டனர். இரத்தங் கக்குதல் நின்றது. ஆனால் பாவ்லோவ் கண்டதே மனிதரிடமும் தோன்றிற்று. வாயிற்சிரையின் வரத்து அறவே, ஈரல் தமனி தன் வரத்தைச் சிறிது பெருக்கிக்கொள்ளும். இழந்ததை முழுதும் ஈடுசெய்யாது. கணையத்தின் இன்சுலின் நேரே வந்து சேராமையின் ஈரல் மேலும் சுருங்கும். அம்மோனியா மூளையை மயக்கும். ஆயுளும் எதிர்பார்த்தபடி நீளவில்லை. 1967-இல் வாரன் என்பார், மண்ணீரற் சிரையை மட்டும் சிறுநீரகச் சிரையோடு இணைத்து, ஈரலின் வரத்தைக் காக்க முயன்றார். குடியால் ஈரல் கெட்டோரிடம் அவ்வரத்தும் நாளடைவிற் குறைந்தது.

பாவ்லோவ் 1904-இல் ஜீரண ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றார். 1936 பிப்ரவரி 27-இல், 86-ஆம் வயதில், லெனின்கிராடில் உயிர்நீத்தார். அதற்கு முந்திய ஆண்டில், அவர் விருப்பப்படியே, அந்நகரத்து ஆராய்ச்சிசாலைத் தோட்டத்தில் நாய்க்கு ஒரு சிலை நாட்டப்பெற்றது.