கையில் மணி ஏந்திய புனிதர்

நோய் தீர்க்கும் வரம், பல மொழி பேசும் வரம் முதலிய ஆவியானவரின் வரங்களைப் பற்றிப் புனித பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதினார். அவ்வரங்கள் இன்றும் திருச்சபையில் உண்டா? சென்ற ஆண்டு காணையில் என் பாட்டி காய்ச்சலில் கிடந்தபோது நாங்கள் தினமும் செபமாலை சொன்னோம். பாட்டி பிழைக்கவில்லை. அன்று முதல் இக்கேள்வி என்னை விடவில்லை. புனித சவேரியாரின் வாழ்க்கையில் எனக்கு விடை கிடைத்தது.

சவேரியார் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், இன்று ஸ்பெயினில் உள்ள நவார் நாட்டில், பிரபு குலத்தில் பிறந்தார். பாரீஸ் நகரில் படித்தபோது புனித இஞ்ஞாசியாரின் நட்பைப் பெற்று, இயேசு சபையின் முதல் தோழர்களுள் ஒருவரானார். 1542 மே மாதம் கோவாவில் வந்திறங்கி, அவ்வாண்டிலேயே நமது முத்துக்குளித்துறைக்கு வந்தார்.

அவருக்குப் பல மொழி பேசும் வரம் இருந்தது என்று மக்கள் சொல்வதுண்டு. ஆனால் அவருடைய கடிதங்களோ அவர் தமிழுக்காகப் பட்ட பாட்டைக் கூறுகின்றன. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தையும் செபங்களையும் தமிழாக்கி, மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று, சிறுவர்களையும் பெரியவர்களையும் அழைத்துக் கற்பித்தார்.

நோயாளிகள் பலர் அவரை அழைத்தனர். எல்லா வீட்டுக்கும் செல்ல அவரால் இயலவில்லை. ஆகவே, செபங்களைக் கற்ற சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் நோயாளியின் அருகில் நின்று செபித்தார்கள். பலர் குணமடைந்தனர். சவேரியார் அதைத் தம் பெருமையாக எண்ணவில்லை. அவ்வீட்டார், அயலார், நோயாளிகள் ஆகியோரின் விசுவாசத்தைக் கண்டு ஆண்டவர் காட்டிய இரக்கம் என்றே எழுதினார்.

பின்னர் மலாக்காவுக்கும், 1549இல் ஜப்பானுக்கும் சென்றார். சீனாவுக்குள் நுழையக் காத்திருந்தபோது, சான்சியன் தீவில் ஒரு குடிசையில் காய்ச்சலில் விழுந்தார். 1552 டிசம்பர் 3ஆம் நாள், 46ஆம் வயதில் உயிர் நீத்தார். பிறர் குணமடையச் செபித்த அவருக்கே குணம் கிடைக்கவில்லை. எனினும் அவர் விசுவாசம் தளரவில்லை. 1622இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

தோழியரே! வரங்கள் நின்றுவிடவில்லை. அரியவையாயினும் எளியவையாயினும் அவற்றை நன்றியுடன் ஏற்க வேண்டும் என்றும், அரிய வரங்களை அவசரப்பட்டுத் தேடக் கூடாது என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. ஆனால் வரத்தைத் தருபவர் இறைவனே. யாருக்கு, எப்போது என்பது அவர் சித்தம். வரங்கள் அனைத்திலும் மேலானது அன்பு என்பதே புனித பவுலின் போதனை. பாட்டியின் கட்டிலருகே நாங்கள் சொன்ன செபமாலை வீணாகவில்லை என்று இப்போது நம்புகிறேன். கடைசி நாளிலும் பாட்டி தனிமையில் இருக்கவில்லை. அந்தச் சிறுவர்களைப் போல நோயுற்றோரின் வீட்டு வாசலுக்குச் செல்ல நாமும் தயங்காதிருப்போமாக!