கூடி வந்த எழுவர்
(அருளாளர் பிரெடரிக் ஓசானாம்)

பெரியோர்களின் வரலாற்றைப் படிக்கையில் அவர்கள் ஆற்றிய அருஞ்செயல்களே முதலில் நம் கண்ணில் படுகின்றன. அவற்றின் பின்னால் வாரந்தோறும் தவறாமல் நிறைவேற்றிய சிறு கடமைகள் மறைந்து கிடக்கின்றன. குறித்த நாளில் நண்பர்களோடு கூடுவது என்னும் எளிய கடமையிலிருந்து பெரும் தொண்டொன்றை வளர்த்தெடுத்த இளைஞர் ஒருவரை இங்கே காண்போம்.

பிரெடரிக் ஓசானாம் 1813 ஏப்ரல் 23 அன்று இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தார். பெற்றோர் பிரெஞ்சு நாட்டினர். பிரான்சின் லியோன் நகரில் அவர் வளர்ந்தார். தந்தை ஏழைகளிடம் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்த மருத்துவர். இத்தகைய பக்தியுள்ள குடும்பத்தில் வளர்ந்தும், பதினைந்து பதினாறு வயதில் ஓசானாமின் உள்ளத்தில் விசுவாசத்தைப் பற்றிய ஐயங்கள் எழுந்து அவரை வாட்டின. நுவாரோ என்னும் குருவானவர் பொறுமையோடு வழிகாட்டி அவரை அத்துன்பத்திலிருந்து மீட்டார்.

1831-இல் சட்டம் பயிலப் பாரிஸ் சென்றார். அங்கே கடவுள் பற்றை ஏளனம் செய்வது அறிவுடைமையாகக் கருதப்பட்ட காலம் அது. துணையின்றித் தவித்த மாணவருக்கு விஞ்ஞானி ஆம்பியர் தம் வீட்டில் இடமளித்தார். மின்னோட்டத்தின் அலகுக்கு நாம் சொல்லும் பெயர் இவருடையதே. எனினும் தம் வயதொத்த நண்பர்கள் சேர்ந்து ஒருவரையொருவர் தாங்கினாலன்றி விசுவாசத்தில் நிலைப்பது அரிது என்பதை ஓசானாம் உணர்ந்தார்.

அவரும் நண்பர்களும் ஒரு விவாதக் கழகத்தில் திருச்சபைக்காக வாதாடி வந்தனர். ஒரு நாள் எதிர்த்தரப்பு மாணவர் ஒருவர், திருச்சபை பழங்காலத்தில் செய்த நன்மைகளைப் பேசும் நீங்கள் இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அக்கேள்வி அவர்கள் நெஞ்சில் தைத்தது. முந்திய ஆண்டு, 1832-இல், காலரா பாரிஸில் பல்லாயிரம் உயிர்களைக் கொள்ளை கொண்டிருந்தது. ஏழைக் குடும்பங்கள் பல ஆதரவற்று நின்றன.

1833 ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை மாலை, ஒரு பத்திரிகை அலுவலகத்தில் எழுவர் கூடினர். அன்று ஓசானாமுக்கு இருபது வயது நிறைந்தது. எழுவருள் பத்திரிகையாளர் பெய்லி மட்டுமே வயதில் மூத்தவர்; ஏனையோர் மாணவர்கள். ஏழைகளின் இல்லங்களை அறிந்திருந்த ரொசாலி ரந்து என்னும் பிறரன்புக் கன்னியர் சபைச் சகோதரி, அவர்கள் சந்திக்க வேண்டிய குடும்பங்களைக் காட்டி, தொண்டு செய்யும் முறையையும் கற்பித்தார்.

வாரக் கூட்டம் மிக எளியது. செபத்தோடு தொடங்குவர், ஞான வாசகம் கேட்பர், தாம் சந்தித்த குடும்பங்களின் நிலையை ஒவ்வொருவரும் எடுத்துரைப்பர், யார் எவ்வளவு இட்டார் என்று தெரியாதபடி காணிக்கை சேர்ப்பர், செபத்தோடு கலைவர். இதில் ஒருவர் வராமற்போனால் ஓர் இருக்கை மட்டுமா காலியாகும்? அவர் பொறுப்பிலுள்ள குடும்பத்தின் பசியை எடுத்துச் சொல்லவும் அன்று ஆள் இராது.

ஓராண்டு கடந்ததும் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. இவ்வளவு பேர் கூடினால் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதெப்படி? சிறு குழுக்களாகப் பிரியலாம் என்றார் ஓசானாம். நட்பு முறிந்துவிடுமே என்று சிலர் கண்ணீர் விட்டனர். ஆயினும் 1835-இல் பிரிந்தனர். பிரிந்ததால் குழுக்கள் பெருகின, நட்பும் குன்றவில்லை. அவ்வாறு வளர்ந்ததே புனித வின்சென்ட் தே பவுல் சபை.

ஓசானாம் பின்னர் பாரிஸின் சொர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1841-இல் அமேலி என்னும் நங்கையை மணந்து, ஒரு மகளுக்குத் தந்தையுமானார். பாடம், ஆராய்ச்சி, குடும்பம், நலிந்த உடல் என்று எத்தனையோ இருந்தும் சபைப் பணியை அவர் கைவிடவில்லை. அகில சபையின் தலைவர் பதவியை அவர் ஒருநாளும் வகித்ததில்லை. உறுப்பினருள் ஒருவராய் உழைப்பதே அவருக்குப் போதுமாயிருந்தது. 1853-இல் நோயின் கடுமையால் இத்தாலியில் தங்கியபோதும், அங்குள்ள கிளைகளை வளர்க்கப் பாடுபட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 8, தேவமாதா பிறந்த திருநாளன்று, மார்செய் நகரில் தம் நாற்பதாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1997-இல் அவரையும், 2003-இல் சகோதரி ரொசாலியையும் அருளாளர்களாக உயர்த்தினார். எழுவரோடு தொடங்கிய சபை இன்று ஏறத்தாழ நூற்றைம்பது நாடுகளில் பணியாற்றுகிறது. நம் நாட்டுப் பங்குகள் பலவற்றிலும் அது ஏழைகளைத் தேடிச் செல்கிறது.

அன்பு மாணவியரே! மரியாயின் சேனையாயினும் மாணவர் இயக்கமாயினும், வாரக் கூட்டத்துக்கு வராதிருக்கக் காரணங்கள் எளிதில் கிடைக்கும். தேர்வு இருக்கும், களைப்பு இருக்கும், பேச நம்மிடம் ஒன்றுமில்லை என்றும் தோன்றும். பேசாவிட்டாலும் வந்தமர்வதே ஒரு தொண்டு. நம் அருகில் அமரும் தோழி எந்த ஐயத்தோடு, எந்தத் துயரத்தோடு வந்திருக்கிறாள் என்பதை யார் அறிவார்? ஆண்டவர் பெயரால் கூடும் சிறு குழுவில் நமக்கென ஓர் இடம் உண்டு. அதை வேறொருவர் நிரப்ப இயலாது. அவ்விடத்தை நாம் தவறாது நிரப்புவோமாக!