தவணை கிடையாத வழக்கு



வார நாளொன்றில் காலை ஒன்பது மணியளவில் புதுக்கடைப் பக்கம் போயிருக்கிறீர்களா? நீதிமன்ற வளாகத்தின் வாசலில் சற்று நேரம் நின்று பாருங்கள். கறுப்புக் கோட்டணிந்த சட்டத்தரணிகள் கோவைக் கட்டுகளோடு விரைகிறார்கள். நெடுந்தூரம் பஸ்ஸில் வந்த முதியவர் ஒருவர் காணி உறுதிகளைப் பையிலிட்டு மார்போடு அணைத்தபடி நிற்கிறார். சாட்சி சொல்ல வந்தவர்கள், சொல்ல வேண்டியதைத் தமக்குள் மீண்டும் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறார்கள். ஆயத்தமில்லாமல் இங்கு எவரும் வருவதில்லை. அப்படியே எதையாவது மறந்து வந்துவிட்டாலும் வழியுண்டு. சட்டத்தரணி எழுந்து நின்று தவணை கேட்பார். வழக்கு இன்னொரு நாளுக்குப் போகும்.

இந்தப் பூமியிலுள்ள எல்லா நீதிமன்றங்களிலும் தவணை கேட்கலாம். ஒரேயொரு நீதிமன்றத்தில் மட்டும் கேட்க முடியாது. ஆன்மா உடலை விட்டுப் பிரிந்தவுடன் இறைவன் திருமுன் நிற்கும் அந்தத் தனித்தீர்வையைப் பற்றித்தான் சொல்கிறோம். சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் கற்றோம். கற்றதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? காணி வழக்குக்கு ஒரு மாதம் ஆயத்தம் செய்கிறவர், இந்த வழக்குக்கு ஒரு நாளாவது ஆயத்தம் செய்கிறாரா?

புதுக்கடைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ஹல்ஸ்டோர்ப். அது ஓர் ஒல்லாந்தத் தளபதியின் பெயரால் வந்தது. போர்த்துக்கேயர் வசமிருந்த கொழும்புக் கோட்டையை ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது, ஜெராட் ஹல்ப்ட் என்ற தளபதி இந்த மேட்டிலேதான் பாளயமிறங்கினார். மாதக்கணக்காய் முற்றுகையை நடத்தினார். ஆனால் 1656 ஏப்ரல் 10ஆந் திகதி குண்டடிபட்டு மாண்டார். கோட்டை சரணடைந்தது அதே ஆண்டு மே 12ஆந் திகதி. யாருக்காக அந்த வெற்றி காத்திருந்ததோ, அவர் அதைக் காணவில்லை. ஊருக்குப் பெயர் மட்டும் நின்றது.

அந்த வெற்றியின் விளைவைக் கத்தோலிக்க மக்களே அனுபவித்தார்கள். 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குச் சென்றது. குருக்கள் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடங் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அவ்வாண்டே கட்டளை பிறந்தது. அதன்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இத்தீவில் மக்களுக்குக் குருக்கள் இல்லை. திருப்பலி இல்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை. ஒரு தலைமுறை முழுவதும் நோயில் பூசுதல் இன்றிக் கண்மூடியது. வாசகரே, சற்று எண்ணிப் பாருங்கள். தாய் சாகக் கிடக்கிறாள். குருவை அழையுங்கள் என்கிறாள். பிள்ளைகள் எங்கே போய் அழைப்பார்கள்?

இந்தச் செய்தி கடல் கடந்து கோவாவுக்கு எட்டியது. அங்கே ஓர் இளங்குருவின் உறக்கத்தை அது கலைத்தது. அவரே நாம் இன்று இலங்கையின் அப்போஸ்தலர் என்று வணங்கும் புனித யோசேவ் வாஸ் அடிகளார்.

அவர் பிறந்தது 1651 ஏப்ரல் 21ஆந் திகதி, கோவாவின் பெனோலிம் என்னும் ஊரில். தந்தை கிறிஸ்தோவாவோ வாஸ், தாய் மரியா மிராண்டா. ஆறு பிள்ளைகளில் மூன்றாமவர். 1676இல் குருப்பட்டம் பெற்றார். அன்று முதலே வெறுங்காலோடு நடக்கும் ஏழையாக வாழ்ந்தார். மறு ஆண்டு சான்கோலே ஆலயத்தில் தேவதாயின் அடிமையாகத் தம்மை எழுத்து மூலம் ஒப்புக்கொடுத்தார். இலங்கைக்குப் போக வேண்டுமென்ற தாகம் இருந்தும், மேலிடம் அவரைக் கனரா நாட்டுக்கு அனுப்பியது. மறுக்காமல் போனார். திரும்பி வந்து 1685இல் ஒராத்தோரியன் சபையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டிலேயே யோவான் என்ற ஊழியனைத் துணையாகக் கொண்டு, கால்நடையாய்த் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். 1687இல் தூத்துக்குடியில் கூலியாள் வேடத்தில் படகேறினார். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது.

யாழ்ப்பாணத்தில் கால் வைத்ததும் வயிற்றுளைவு நோய் அவரை வீழ்த்தியது. ஏழைப் பெண்கள் சிலர் இரங்கிக் கொடுத்த கஞ்சியால் உயிர் தப்பினார். எழுந்து நடக்க முடிந்ததும் கழுத்திலே செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அரிசிக்காக அல்ல. அந்தச் செபமாலையைக் கண்டு எந்த முகம் மலர்கிறது, எந்தக் கண் கலங்குகிறது என்று பார்க்கவே அப்படிச் செய்தார். இப்படித்தான் முப்பதாண்டுகள் மறைந்திருந்த விசுவாசத்தை அவர் கண்டுபிடித்தார். சில்லாலை மக்கள் அவரைத் தங்கள் நடுவே வைத்துக் காத்தார்கள். இரவில் பாவசங்கீர்த்தனம், விடியுமுன் திருப்பலி, பகலில் ஒளிந்திருத்தல் என்று நாட்கள் போயின. 1689 கிறிஸ்து பிறப்பு இரவில் ஒல்லாந்தர் திடீரெனப் புகுந்து கத்தோலிக்கரைப் பிடித்துச் சென்றனர். சிலர் விலங்குகளோடு கடின வேலை செய்தே உயிர் விட்டனர். அடிகளார் மட்டும் அகப்படவில்லை.

பின்னர் புத்தளம் சென்றார். 1692இல் கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்தார். போர்த்துக்கேயரின் ஒற்றன் என்ற பொய்க் குற்றச்சாட்டில் சிறையிடப்பட்டார். சிறையிலும் அவருக்கு வேலை இருந்தது. சிங்களம் கற்றார், செபித்தார், தேடி வந்தவர்களுக்கு ஆறுதலளித்தார். நாட்டில் மழையில்லாமல் வறட்சி வந்தபோது, மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் கேட்டுக்கொண்டபடி அவர் திறந்தவெளியில் பீடம் வைத்துச் சிலுவையை நாட்டிச் செபித்தார் என்றும், மழை பெய்தது என்றும் அவருடைய வரலாறு கூறுகிறது. கண்டியைத் தளமாகக் கொண்டு அவர் ஒல்லாந்தரின் ஆட்சிக்குட்பட்ட இடங்களுக்கும் மாறுவேடத்தில் போய்வந்தார். இந்தக் கொழும்பு நகருக்கும் வந்தார். கட்டளைப்படி அவருக்குக் கதவு திறந்த வீட்டாருக்கு மரண தண்டனை. ஆயினும் கதவுகள் திறந்தன.

ஏன் திறந்தன? திரும்பத் திரும்பச் சிந்திக்க வேண்டிய கேள்வி இது. இன்று எமது ஆலயங்களில் சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குரு காத்திருக்கிறார். நாம் போவதில்லை. அன்று அந்த மக்கள் உயிரைப் பணயம் வைத்து நள்ளிரவில் போனார்கள். நாளைக்குக் குரு இருக்கமாட்டார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாளைக்கு நாம் இருப்போமா என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியது. நோயாளரை உறவினரே காட்டிலே கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடினார்கள். அடிகளாரும், சகோதரி மகனான யோசேவ் கர்வாலியோ அடிகளாரும் அவர்களைத் தேடிப் போனார்கள். குடில் அமைத்தார்கள், புண் கழுவினார்கள், உணவூட்டினார்கள், இறந்தவர்களைத் தங்கள் கையாலே அடக்கம் செய்தார்கள். சாகிறவன் தனியாகச் சாகக்கூடாது, ஆயத்தமில்லாமல் சாகக்கூடாது என்பதே இந்தப் பணியின் உட்பொருள்.

தாம் ஒருவராய் எல்லா இடமும் ஓட முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே ஊர்தோறும் மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் ஏற்படுத்தினார். குரு இல்லாத நாளில் செபம் நடத்தவும், குழந்தைகளுக்கு ஞானோபதேசம் சொல்லவும், ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுக்கவும் அவர்களைப் பழக்கினார். 1705இல் வந்து சேர்ந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். ஆயர் பதவி பற்றிய பேச்சு வந்தபோது யோசேவ் வாஸ் அடிகளார் அதை ஏற்கவில்லை. பட்டம் ஒன்று கூடினால் கணக்கும் ஒன்று கூடும் அல்லவா?

இப்படி இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. 1710இன் பிற்பகுதியில் மறைப்பணிப் பயணத்திலே நோயுற்றுக் கண்டிக்குத் திரும்பினார். சற்றே தேறினாலும் பலம் திரும்பவில்லை. அந்த நிலையிலும் தமது சபையின் ஒழுங்குப்படி ஞான ஒடுக்கத்தில் அமர்ந்தார். அது முடிவதற்கு முன்னரே அழைப்பு வந்தது. 1711 ஜனவரி 16ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, ஐம்பத்தொன்பதாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். மரணம் அவரைத் தேடி வந்தபோது அவர் செபத்திலே இருந்தார். அது தற்செயல் அன்று. வேறு எந்த நாளில் வந்திருந்தாலும் அவரை அப்படியேதான் கண்டிருக்கும்.

சுற்றி நின்ற சகோதரக் குருக்கள் கடைசியாக ஒரு புத்திமதி கேட்டார்கள். வாழ்நாளில் செய்யாமல் விட்டதை மரண நேரத்தில் செய்வது எளிதன்று என்ற கருத்தை அவர்களுக்கு நினைவூட்டினார். அதுவே அவர் நமக்கு விட்டுச் சென்ற மரணசாசனம். வேறு சொத்து அவருக்கு இருக்கவில்லை. அவருடைய கல்லறை இருந்த இடம்கூட இன்று அடையாளம் காணப்படவில்லை. ஆனால் 1995 ஜனவரி 21ஆந் திகதி திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரும், 2015 ஜனவரி 14ஆந் திகதி திருத்தந்தை பிரான்சிசும் இதே கொழும்பு காலிமுகத்திடலுக்கு வந்து அவரை முறையே முத்திப்பேறு பெற்றவராகவும் புனிதராகவும் உயர்த்தினார்கள். ஒளிந்து ஒளிந்து வந்த நகரில் இலட்சக்கணக்கானோர் அவர் பெயரைப் பாடினார்கள்.

வாசகரே, அடிகளாரின் புத்திமதியில் எளிதன்று என்ற சொல்லைக் கவனியுங்கள். முடியாது என்று அவர் சொல்லவில்லை. சிலுவையில் தொங்கிய நல்ல கள்வனுக்குக் கடைசி மணியிலும் வானகம் திறந்தது. இறைவனின் இரக்கத்துக்கு நேரங்காலம் இல்லை. ஆனால் நமக்கு இருக்கிறது. நா தடிக்கும், நினைவு தடுமாறும், மருந்து மயக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்கு இரவில் அழைக்கப்பட்டோம். முதியவர் ஒருவர் கடைசி மூச்சில் இருந்தார். தம்பியோடு ஒரு துண்டு நிலத்துக்காக நீண்ட காலம் வழக்காடியவர். இருவரும் ஒரே ஆலயத்தில் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வந்தவர்கள். ஒருவர் வலப்பக்கம், மற்றவர் இடப்பக்கம். எப்போதாவது பேசித் தீர்க்க வேண்டும் என்று மூத்தவர் மனைவியிடம் பலமுறை சொன்னாராம். அன்றிரவு தம்பி வந்து கட்டிலருகே நின்றார். அண்ணனின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. குருவை அழைத்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று வீட்டார் மூன்று நாள் தயங்கியிருந்தார்கள். பூசுதல் கொடுத்தோம். உள்ளத்தை அறியும் இறைவன் அந்த அசைவின் பொருளை அறிந்திருப்பார். ஆனால் அந்தத் தம்பி இன்றும் எம்மைக் காணும்போதெல்லாம் அண்ணன் என்ன சொல்ல வந்தார் என்று கேட்கிறார். எம்மிடம் பதில் இல்லை.

வழக்காளியோடு வழியிலே இருக்கும்போதே சமாதானம் செய்துகொள்ளும்படி ஆண்டவர் இயேசு மலைப்பிரசங்கத்தில் போதித்தார். புதுக்கடைக்குப் போகும் எமது மக்களுக்கென்றே சொன்னது போலிருக்கிறது அது.

புதுக்கடையிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலை, அங்கே செபித்துக்கொண்டிருந்தவர்களை வெடிகுண்டு கொண்டுபோனது. யோசேவ் வாஸ் அடிகளாரின் பிறந்த நாளும் அதுவே. அவர்களில் எவரும் அன்று வீட்டை விட்டுப் புறப்படும்போது திரும்பி வரமாட்டோம் என்று நினைக்கவில்லை. எமது முன்னோர் பிரார்த்தனையில் ஆயத்தமில்லாத சடுதி மரணத்திலிருந்து தப்புவிக்கும்படி மன்றாடியது வீணான பயத்தினால் அல்ல.

அப்படியானால் என்ன செய்வது? அஞ்சி நடுங்குவதா? இல்லை. அடிகளார் அஞ்சியவராக வாழவில்லை. ஒவ்வொரு நாளையும் முடித்து வைத்து வாழ்ந்தார். நாமும் அதையே செய்யலாம். படுக்கப் போகுமுன் ஐந்து நிமிடம் ஆத்தும சோதனை. மாதம் ஒருமுறையாவது நல்ல பாவசங்கீர்த்தனம். வீட்டில் ஒருவர் கடுமையான நோயில் விழுந்தால், அவர் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே குருவை அழையுங்கள். நோயில் பூசுதல் சாவின் மணியோசை அல்ல, நோயாளிக்குப் பலமளிக்கும் அருட்சாதனம். திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் இருந்தால் கொடுங்கள். பேச வேண்டிய சகோதரன் இருந்தால், அடுத்த வழக்குத் தவணை வரை காத்திருக்க வேண்டாம். இன்று மாலையே அவர் வீட்டுப் படியேறுங்கள்.

புனித யோசேவ் வாஸ் அடிகளாரே, இருளில் எம் முன்னோரைத் தேடி வந்து ஆயத்தப்படுத்தியவரே, வெளிச்சத்தில் சோம்பிக் கிடக்கும் எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும்.