நேதாஜி கற்ற பள்ளிகளும் கண்ட ஆசிரியர்களும்

நம் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஐ.என்.ஏ. மார்க்கெட் என்ற பெயரைச் சொல்லாத நாள் அரிது. முருங்கைக்காயும் வாழைப்பூவும் சேனைக்கிழங்கும் வேண்டுமெனில் நம் கால்கள் தாமாகவே அங்கே செல்கின்றன. அப்பெயரிலுள்ள மூன்று ஆங்கில எழுத்துக்களும் இந்திய தேசிய இராணுவத்தைக் குறிப்பன என்பதை நம் பெரியோர் அறிவர். சிறுவர்களிற் பலருக்கோ அது ஒரு கடைவீதியின் பெயர், ஒரு மெட்ரோ நிலையத்தின் பெயர், அவ்வளவே.

அப்படையை நடத்திய நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் வீரச் செயல்களைப் பலரும் எழுதியிருக்கின்றனர். அவற்றை மீண்டும் கூறுவது என் நோக்கமன்று. அவர் மாணாக்கராக இருந்த காலத்தில் அவருக்கு வாய்த்த ஆசிரியர்களைப் பற்றியே சிறிது கூற விரும்புகின்றேன். பிள்ளைகளின் கல்வி பாடப் புத்தகத்தினால் மட்டும் அமைவதன்று. கற்பிப்பவருக்கும் கற்பவருக்கும் இடையே உண்டாகும் உறவினாலும் அமைவதாகும். இதற்கு அவரது இளமைப் பருவம் நல்லதொரு சான்று.

சுபாஷ் 1897ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் ஒரிஸாவிலுள்ள கட்டாக் நகரில் பிறந்தார். தந்தையார் ஜானகிநாத போஸ் பெயர் பெற்ற வழக்கறிஞர்; தாயார் பிரபாவதி தேவியார். பதினான்கு மக்களுள் சுபாஷ் ஒன்பதாமவர். செல்வத்திற்குக் குறைவில்லை. ஆயினும் தந்தையாரோ அதிகம் பேசாதவர், அலுவல் மிகுந்தவர். பெற்றோரிடம் நெருங்கிப் பேசும் வாய்ப்பு அச்சிறுவனுக்குக் குறைவாகவே இருந்தது. தாய் தந்தையரோடு தோழமையாகப் பழகும் பிற பிள்ளைகளைக் கண்டு தாம் பொறாமை கொண்டதுண்டு என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கின்றார். வீடு நிறைய மனிதர் இருந்தும் அச்சிறுவனின் மனம் ஒருவரைத் தேடிற்று.

1902ஆம் ஆண்டு, ஐந்து வயதில், பாப்டிஸ்ட் பாதிரிமார் நடத்திய பிராடஸ்டண்ட் ஐரோப்பியப் பள்ளியில் அவர் சேர்க்கப்பட்டார். ஐரோப்பியப் பிள்ளைகளும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளும் மிகுதியாகப் பயின்ற பள்ளி அது. அங்கே லத்தீன் மொழி உண்டு, பைபிள் உண்டு, இந்திய மொழி எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமேனும் ஒழுங்காகப் பேச இயலாத நிலையில் அச்சிறுவன் அவ்வகுப்பில் அமர்ந்தான். அந்நாளில் அவனுக்குத் துணை நின்றவர் சாரா லாரன்ஸ் என்னும் ஆசிரியை. குழந்தைகளின் உள்ளத்தை அறிந்து பழகியவர் அவ்வம்மையார். மொழி புரியாதபோதும் அவருடைய அன்பு புரிந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1937ஆம் ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரியாவிலுள்ள பாட்காஸ்டைன் என்னும் ஊரில் தங்கித் தம் இளமை வரலாற்றை எழுதியபோதும் அவ்வாசிரியையின் பெயரை அவர் மறக்கவில்லை. சொன்ன பாடம் மறந்துபோகலாம். சொன்னவர் முகம் மறப்பதில்லை.

ஏழாண்டுகள் அங்கே பயின்றபின், 1909ஆம் ஆண்டு ராவன்ஷா கல்லூரிப் பள்ளியில் அவர் சேர்ந்தார். அங்கே தாய்மொழியாகிய வங்காளி கட்டாயப் பாடம். வீட்டில் பேசிய மொழியே யாயினும் எழுதிப் பழக்கமில்லை. முதன்முறை கட்டுரை எழுதியபோது ஆசிரியர் அதிலிருந்த பிழைகளை வகுப்பறிய எடுத்துக் காட்டினார். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆங்கிலத்தில் முன்னிற்கும் பையன் தாய்மொழியில் கடைசியாக நின்றான். அந்த அவமானம் சுபாஷின் உள்ளத்தைச் சுட்டது. இரவும் பகலும் முயன்று, ஆண்டுத் தேர்வில் வங்காளியில் முதல் மதிப்பெண் பெற்றுவிட்டார்.

இதைக் கேட்டு, ஏளனமும் ஒரு நல்ல ஆசிரியரே போலும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. சுபாஷுக்கு இயல்பிலேயே நெஞ்சுரம் இருந்தது, எழுந்துவிட்டார். அவ்வுரமில்லாத எத்தனை பிள்ளைகள் அத்தகைய ஒரு நாளுக்குப் பின் அப்பாடத்தையே வெறுத்து ஒதுக்கியிருப்பர்! அவர்களுடைய வரலாற்றை எழுதுவார் இல்லை. டில்லியில் பிறந்து இந்தியில் விளையாடி வளரும் நம் பிள்ளைகள் தமிழ் எழுதும்போது ரகரத்திற்கும் றகரத்திற்கும் தடுமாறுகின்றனர். அப்போது சிரிக்கும் நாம் இதனை நினைத்துக்கொள்ளுதல் நலம்.

அப்பள்ளியின் தலைமையாசிரியர் பெனி மாதவ தாஸ். சுபாஷின் வாழ்வில் ஆழப் பதிந்த முதல் ஆசிரியர் அவரே. மேல் வகுப்பு மாணாக்கர்களுக்கே அவர் பாடம் நடத்துவது வழக்கம். அவ்வகுப்பை எட்டுவதற்கு முன்பே, தாழ்வாரத்தில் அவர் நடந்து செல்லும்போதெல்லாம் சுபாஷ் அவரைக் கண்கொட்டாது நோக்குவதுண்டு. அவர் பிரம்பை எடுத்து ஆண்டவரல்லர். குரலை உயர்த்தி ஆண்டவருமல்லர். தம் ஒழுக்கத்தினாலேயே பள்ளி முழுவதையும் தம் வயப்படுத்தியிருந்தார். வாழ்க்கையில் ஒழுக்கமே முதற்பொருள் என்பதை அவர் சொல்லிக் கேட்டதைவிட அவரைப் பார்த்தே மாணாக்கர் அறிந்தனர்.

சுபாஷ் மேல் வகுப்பை அடைந்து அவரிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். ஆனால் அந்தப் பேறு சில மாதங்களே நீடித்தது. தலைமையாசிரியருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. விடைபெறும் நாளில் சுபாஷின் கண்கள் குளமாயின.

மாற்றல் என்னும் சொல்லின் கனத்தை நம் காலனிக் குடும்பங்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. இரயில்வேயிலும் பிற மத்திய அரசு அலுவலகங்களிலும் பணி புரிவோர் பெட்டி கட்டுவதில் தேர்ந்தவர்கள். கட்டிலும் பீரோவும் வண்டியில் ஏறிவிடும். பிள்ளை விரும்பிய ஆசிரியர் ஏறுவதில்லை. புதிய ஊரில் புதிய பள்ளி கிடைத்துவிடும். அறிந்த முகம் உடனே கிடைப்பதில்லை. சுபாஷின் கதையில் ஊர் மாறியவர் ஆசிரியர். நம் கதையில் ஊர் மாறுவது பிள்ளை. துயரம் ஒன்றே.

ஆனால் பெனி மாதவ தாஸ் அத்துடன் உறவை முடித்துவிடவில்லை. கிருஷ்ணநகரிலிருந்து தம் பழைய மாணாக்கனுக்குக் கடிதங்கள் எழுதினார். ஆற்றங்கரை போன்ற அழகிய இடம் ஒன்றைத் தேர்ந்து அமர்ந்து, இயற்கையோடு ஒன்றி மனத்தை ஒருமுகப்படுத்தும்படி அறிவுரை கூறினார். சுபாஷும் அவ்வாறே செய்து பார்த்தார். கிருஷ்ணநகரில் அவ்வாசிரியரிடம் பயின்ற ஹேமந்த குமார் சர்க்கார் என்னும் இளைஞர் அவர் வழியாகவே சுபாஷுக்கு அறிமுகமாகி, இளமைக்கால நெருங்கிய நண்பர் ஆனார். ஊர் மாறியும் ஆசிரியர் தம் இரு மாணாக்கரை நட்பினால் பிணைத்தார். அதற்குச் செலவானது அஞ்சல் தலையும் சிறிது நேரமுமே.

1913ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் கல்கத்தா பல்கலைக்கழகம் முழுவதற்கும் இரண்டாமவராகச் சுபாஷ் தேறினார். கல்கத்தாவின் பிரஸிடென்ஸி கல்லூரியில் சேர்ந்தார். ஆயினும் அவர் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. 1914ஆம் ஆண்டு கோடையில் வீட்டாரிடம் சொல்லாமல், ஒரு நண்பருடன், ஆன்ம வழி காட்டும் குருவைத் தேடிப் புறப்பட்டார். ரிஷிகேசம், ஹரித்துவாரம், மதுரா, பிருந்தாவனம், காசி, கயை ஆகிய தலங்களில் அலைந்தார். இடையில் நம் டில்லியையும் ஆக்ராவையும் எட்டிப் பார்த்தார். தேடிய குரு எங்கும் கிட்டவில்லை. மனம் சோர்ந்து வீடு திரும்பி, டைபாய்டு காய்ச்சலில் படுத்தார். தக்க வழிகாட்டி ஒருவர் வேண்டுமென்று இளம் உள்ளம் எத்துணை ஏங்கும் என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒன்றே போதும்.

அதே கல்லூரியில்தான் ஆசிரியருக்கும் மாணாக்கருக்கும் உள்ள உறவு முறிந்தால் என்ன நேரும் என்பதையும் அவர் கண்டார். அங்கே வரலாற்றுப் பேராசிரியராக ஓட்டன் என்னும் ஆங்கிலேயர் இருந்தார். 1916ஆம் ஆண்டு ஜனவரியில், தம் வகுப்பறையை அடுத்த தாழ்வாரத்தில் சப்தமிட்டு நடந்ததாகச் சில மாணாக்கரை அவர் பிடித்துத் தள்ளினார். சுபாஷ் தம் வகுப்பின் பிரதிநிதி; முதல்வர் ஜேம்ஸிடம் முறையிட்டார். பேராசிரியரை வருத்தம் தெரிவிக்கச் செய்யத் தம்மால் இயலாது என்று முதல்வர் கூறிவிட்டார். வேலைநிறுத்தம் எழுந்தது. பின்னர் ஓட்டனும் மாணாக்கரும் நேரில் பேசிச் சமாதானம் அடைந்தனர். ஆனால் வேலைநிறுத்தத்திற்காக விதித்த அபராதத்தை நிர்வாகம் நீக்கவில்லை. மனத்திலிருந்த புண் ஆறவில்லை.

அடுத்த மாதமே அப்பேராசிரியர் மீண்டும் ஒரு மாணாக்கர்மேல் கை வைத்தார் என்ற செய்தி பரவிற்று. இம்முறை மாணாக்கர் சிலர் மாடிப்படி அருகே அவரைத் தாக்கிவிட்டனர். சுபாஷ் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். தாம் அதனை நேரில் கண்டவர் என்றே பிற்காலத்தில் அவர் எழுதினார். சர் அசுதோஷ் முகர்ஜி தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. தாக்கியது முறையன்று, ஆனால் மாணாக்கர் பொறுக்கவொண்ணாத அளவு தூண்டப்பட்டனர் என்பதே சுபாஷ் அங்கே உரைத்த கருத்து. அதனால் தண்டனை குறையவில்லை. பல்கலைக்கழகக் கதவும் மூடிற்று. ஓராண்டிற்கு மேல் அவர் படிப்பு நின்றது. அந்நாட்களில் கட்டாக்கில் காலரா, அம்மை நோயாளிகளுக்குத் தொண்டு செய்து காலம் கழித்தார்.

தாழ்வாரம் என்பது இரு பள்ளிகளிலும் இருந்தது. ஒரு தாழ்வாரத்தில் தலைமையாசிரியர் நடந்து வந்தபோது ஒரு சிறுவன் வணங்கி நின்றான். மற்றொரு தாழ்வாரத்தில் பேராசிரியர் வெளிவந்தபோது பகை மூண்டது. மாணாக்கன் அதே சுபாஷ்தான். வேறுபாடு எங்கே இருந்தது என்பதை நாமே உணரலாம்.

மூடிய கதவைத் திறந்தவரும் ஓர் ஆசிரியரே. 1917ஆம் ஆண்டு ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியின் முதல்வர் டாக்டர் அர்க்வார்ட் சுபாஷைத் தம் கல்லூரியில் ஏற்றுக்கொண்டார். கெட்ட பெயருடன் வந்த மாணாக்கர் என்று ஒதுக்காமல் பரிவுடனும் நயத்துடனும் நடத்தினார். அவரும் வெள்ளையரே. ஆகவே முன்பு நேர்ந்த பிணக்கு நிறத்தினால் மட்டும் வந்ததன்று என்பது விளங்கும். 1919ஆம் ஆண்டு சுபாஷ் தத்துவப் பாடத்தில் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார்.

அக்காலத்திலேயே பல்கலைக்கழக மாணாக்கர் படைப்பிரிவில் அவர் இராணுவப் பயிற்சியும் பெற்றார். பயிற்சி அளித்த காப்டன் கிரே சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து உயர்ந்த ஸ்காட்லாந்துக்காரர். குரலோ கரடுமுரடு, உள்ளமோ பொன். கடுமையாக வேலை வாங்கினாலும் தம் நலத்தை நாடுபவர் என்பதை மாணாக்கர் உணர்ந்தனர். அவருக்காக எதையும் செய்ய முன்வந்தனர். ஆங்கில ஆட்சியை எதிர்த்த இளைஞர், ஆங்கிலப் படையின் அதிகாரி ஒருவரை மனமார நேசித்தார். கண்டிப்பு வேறு, அவமதிப்பு வேறு என்பதை இளைஞர் நன்கறிவர்.

1919ஆம் ஆண்டு இறுதியில் அவர் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே மாணாக்கருக்கு இருந்த உரிமையும், அவர்களுக்கு எல்லோரும் அளித்த மதிப்பும் அவரைக் கவர்ந்தன. 1920ஆம் ஆண்டு ஐ.சி.எஸ். தேர்வில் நான்காமவராகத் தேறியும், 1921ஆம் ஆண்டு ஏப்ரலில் அப்பதவியைத் துறந்தார். தாயகம் திரும்பியதும் சித்தரஞ்சன் தாஸைத் தலைவராக ஏற்றுக்கொண்டார். அவர் ஏற்ற முதற் பணிகளுள் ஒன்று கல்கத்தா தேசியக் கல்லூரியின் முதல்வர் பணி என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. கற்றவர் கற்பிப்பவரானார்.

அதன்பின் நிகழ்ந்தவை உலகறிந்தவை. 1943ஆம் ஆண்டு சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை அவர் ஏற்றபோது, மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர் பெருந்திரளாக வந்து சேர்ந்தனர். அவர் தமிழ் அறியாதவர். அவர்களிற் பலர் இந்தி அறியாதவர். அவருடைய பேச்சு தமிழில் பெயர்த்துச் சொல்லப்பட்டது. சென்னையைச் சேர்ந்த காப்டன் லக்ஷ்மியின் தலைமையில் ஜான்ஸி ராணி படை அமைந்தது. தமிழ்ப் பெண்கள் பலர் அதிற் சேர்ந்தனர். 1945ஆம் ஆண்டு ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்க நேர்ந்தபோது, அப்பெண்களை விட்டுத் தாம் முன்னே செல்ல நேதாஜி இசையவில்லை. அவர்களுடன் கொப்புளம் கண்ட கால்களோடு நடந்தார். சாரா லாரன்ஸின் மொழி புரியாமலே அவர் அன்பு புரிந்த சிறுவன், தன் மொழி புரியாத தமிழ் மக்களுக்குத் தன் அன்பைப் புரியவைத்தான் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் தைபேயில் நேர்ந்த விமான விபத்தில் அவர் வாழ்வு முடிந்தது. அவர் மறைந்தபின், ஒருகாலத்தில் அடிபட்ட பேராசிரியர் ஓட்டன் அவரைப் போற்றி ஒரு கவிதை இயற்றினார். முறிந்த உறவும் முற்றும் இறந்துவிடுவதில்லை போலும்.

அன்பர்களே, நம் பிள்ளைகளிற் பலர் லக்ஷ்மிபாய் நகரிலும் பிற இடங்களிலும் உள்ள நம் தமிழ்ப் பள்ளிகளிற் பயில்கின்றனர். பலர் வேறு பள்ளிகளிற் பயில்கின்றனர். மாலையில் டியூஷனும் உண்டு. பிள்ளை எத்தனை மதிப்பெண் பெற்றான் என்று கேட்கும் நாம், அவன் எந்த ஆசிரியரிடம் மனம்விட்டுப் பேசுகின்றான் என்று கேட்கின்றோமா? அவ்வாசிரியரின் பெயரேனும் நமக்குத் தெரியுமா? அடுத்த மாற்றல் உத்தரவு வரும்போது, பிள்ளையின் மாற்றுச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு புறப்படாமல், அவன் விரும்பிய ஆசிரியரிடம் அவனை அழைத்துச் சென்று விடைபெறச் செய்வோம். புதிய ஊரிலிருந்து அவருக்கு ஒரு கடிதமும் எழுதச் சொல்வோம்.

இனி ஐ.என்.ஏ. மார்க்கெட்டிற்குப் பிள்ளைகளுடன் செல்லும்போது, அப்பெயரின் பின்னே ஒரு படையும், அப்படையின் பின்னே ஒரு தலைவரும், அத்தலைவரின் பின்னே கட்டாக் பள்ளித் தாழ்வாரத்தில் அமைதியாக நடந்து சென்ற ஒரு தலைமையாசிரியரும் இருக்கின்றனர் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோமாக.