சவலைப் பிள்ளைகளின் டாக்டர்

பசி என்றதும் எலும்பும் தோலுமான குழந்தைதான் நம் கண் முன் வரும். ஆனால் ஊட்டம் இல்லாமல் குழந்தை வீங்குவதும் உண்டு. கன்னம் உப்பும். கால் பருக்கும். பார்ப்பவர்கள் பிள்ளை கொழுகொழுவென்று இருப்பதாக நினைப்பார்கள். சில வாரங்களில் அந்தப் பிள்ளை இறந்துபோகும்.

இது ஒரு தனி நோய், சாப்பாட்டுக் குறையால் வருவது என்று மருத்துவ உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் ஒரு பெண் டாக்டர். அவர் பெயர் சிசிலி வில்லியம்ஸ்.

ஜமைக்காவில் பிறந்தார்

சிசிலி அம்மையார் 1893-ம் ஆண்டு டிசம்பர் 2-ந்தேதி ஜமைக்கா தீவில் பிறந்தார். ஆங்கிலேயக் குடும்பம். தந்தை அந்தத் தீவின் கல்வி இலாகாவில் உயர்ந்த பதவி வகித்தவர். இந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம், டாக்டருக்குப் படிக்கட்டும் என்று அவர் ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னாராம். அது அப்படியே பலித்தது. சிசிலி அம்மையார் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

13 வயதில் படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்தது. ஆனால் ஜமைக்காவைப் பூகம்பமும் புயலும் தாக்கியிருந்ததால், பெற்றோருக்கு உதவியாக ஊர் திரும்பினார். 1916-ல் தந்தை இறந்தார். அதன் பிறகே, 23 வயதில், மீண்டும் ஆக்ஸ்போர்டுக்குப் போனார்.

அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் மருத்துவ வகுப்பில் இடம் காலியாக இருந்தது. அதனால்தான் பெண்களுக்குக் கதவு திறந்தது. 1923-ல் அவர் டாக்டர் ஆனார்.

பட்டம் கிடைத்தும் வேலை எளிதில் கிடைக்கவில்லை. போர் முடிந்து ஆண் டாக்டர்கள் திரும்பிவிட்டார்கள். பெண் டாக்டரை வைத்துக்கொள்ளப் பல ஆஸ்பத்திரிகள் தயங்கின. கடைசியில் வெப்ப நாட்டு நோய்கள் பற்றிய படிப்பையும் முடித்து, காலனி மருத்துவ இலாகாவில் சேர்ந்தார். 1929-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கோல்டு கோஸ்ட்டுக்கு அனுப்பப்பட்டார். இன்றைய கானா நாடுதான் அது.

தாய்மார்களைக் கேட்டார்

அங்கே தாய்மார்கள் தூக்கி வந்த பிள்ளைகளில் ஒரு வகை அவரைத் திகைக்க வைத்தது. எல்லாம் ஒரு வயதிலிருந்து நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள். வயிறு உப்பியிருக்கும். இரண்டு கால்களும் வீங்கியிருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். கறுத்த முடி செம்பட்டையாக மாறியிருக்கும். தோல் கருகி உரியும். பிள்ளை சிரிக்காது, விளையாடாது. சாப்பாட்டைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இறந்த பிள்ளைகளின் உடலைப் பரிசோதித்தார். கல்லீரலில் கொழுப்பு ஏறியிருந்தது. அதுவரை டாக்டர்கள் அறிந்திருந்த எந்த நோயோடும் இது பொருந்தவில்லை.

வேறொரு டாக்டராக இருந்தால் புத்தகங்களைத்தான் புரட்டியிருப்பார். சிசிலி அம்மையார் அங்குள்ள பெண்களிடமே இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். அவர்களுடைய கா மொழியில் இதற்குக் குவாஷியோர்கர் என்று பெயர். அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்த பிள்ளையைப் பிடிக்கும் நோய் என்பது அதன் பொருள்.

அந்த ஒரு சொல்லிலேயே காரணம் இருந்தது. தாய் மறுபடி கர்ப்பம் ஆகிறாள். மூத்த பிள்ளைக்குத் தாய்ப்பால் நின்றுபோகிறது. அதற்குப் பதில் மக்காச்சோளக் கஞ்சி மட்டும் கிடைக்கிறது. வயிறு நிரம்பும், உடம்பு தேறாது.

தமிழ்நாட்டுப் பாட்டிமார்களுக்கு இது புதிய செய்தி அல்ல. தாய் மறுபடி உண்டானதால் பால் மறந்து ஏங்கித் தேய்கிற பிள்ளையைச் சவலைப் பிள்ளை என்று நம் ஊரில் சொல்வார்கள். சவலை என்றால் நாம் மெலிந்த பிள்ளையை நினைக்கிறோம். ஆப்பிரிக்கத் தாய்மார்கள் கண்டது வீங்கிய பிள்ளையை. தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

பெரியவர்கள் ஏற்கவில்லை

1933-ல் சிசிலி அம்மையார் இந்த நோயைப் பற்றி ஒரு மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். 1935-ல் லண்டனின் புகழ்பெற்ற லான்செட் இதழில் குவாஷியோர்கர் என்ற பெயரையே சூட்டி எழுதினார். வெப்ப நாட்டு நோய்களில் பேர்போன டாக்டர்கள் அதை ஏற்கவில்லை. இது பெல்லாக்ரா என்ற பழைய நோய்தான், புதிதாக ஒன்றும் இல்லை என்று வாதாடினார்கள்.

போதாக்குறைக்கு மேலதிகாரியுடன் மனத்தாங்கல் ஏற்பட்டது. 1936-ல் அவரை மலாயாவுக்கு மாற்றிவிட்டார்கள்.

டப்பாப் பால் எதிர்ப்பு

ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் ரப்பர் தோட்டங்களில் உழைத்துக்கொண்டிருந்த மலாயா அது. சிங்கப்பூரில் அம்மையார் வேறொரு கொடுமையைக் கண்டார். பால் கம்பெனிகள் இளம்பெண்களுக்கு நர்ஸ் போல வெள்ளை உடை உடுத்தி வீடு வீடாக அனுப்பின. தாய்ப்பாலைவிட டப்பாப் பால் உயர்ந்தது என்று அவர்கள் பிள்ளை பெற்றவர்களிடம் சொன்னார்கள். அது சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிக் குறுக்கிய பால். பிஞ்சுக் குழந்தைக்கு வேண்டிய வைட்டமின்கள் அதில் போதுமான அளவில் இல்லை.

1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கக் கூட்டத்தில் அம்மையார் இதைப் போட்டு உடைத்தார். பாலும் கொலையும் என்பதே பேச்சின் தலைப்பு. பொய் சொல்லித் தாய்ப்பாலை நிறுத்த வைப்பது கொலைக்குச் சமம் என்று கண்டித்தார். டப்பாப் பால் விளம்பரத்துக்கு எதிராக உலகம் விழித்துக்கொண்டது 1970-களில்தான். அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே எழுந்த குரல் இது.

சிறைவாசம்

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. டிரெங்கானுவில் வேலையில் இருந்த அம்மையார் காட்டு வழியாகத் தப்பிச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் வீழ்ந்தது. சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார்.

அங்கே பெண் கைதிகளுக்குத் தலைவியாகவும் இருந்தார். ஒரு கட்டத்தில் ஜப்பானிய ராணுவப் போலீசார் விசாரணைக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் வதைத்தார்கள். வயிற்றுக்கடுப்பும் பெரிபெரி நோயும் அவரைப் பிடித்தன. பெரிபெரியும் உணவுக் குறையால் வருவதுதான். அதனால் மரத்துப்போன பாதங்கள் பிறகு சரியாகவே இல்லை.

அந்தச் சிறையில் 20 குழந்தைகள் பிறந்தன. 20 குழந்தைகளுக்கும் தாய்ப்பால் கொடுக்கப்பட்டது. 20-ம் பிழைத்தன. டப்பாப் பாலே இல்லாத சிறையில் நடந்த இதை அம்மையார் பிற்காலத்தில் பெருமையோடு எடுத்துச் சொல்வார்.

உலகம் ஒப்புக்கொண்டது

போர் முடிந்து விடுதலை ஆனார். 1948-ல் புதிதாகத் தொடங்கிய உலக சுகாதார நிறுவனத்தில் தாய் சேய் நலப் பிரிவின் முதல் தலைவர் ஆனார். 1950-ல் நிபுணர்கள் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றைச் சுற்றிப் பார்த்தார்கள். போன இடமெல்லாம் குவாஷியோர்கர் இருந்தது. அவர்கள் அறிக்கை 1952-ல் வெளியானது. சிசிலி அம்மையார் முதலில் எழுதி 19 ஆண்டுகள் கழித்து அவர் சொன்னது ஊர்ஜிதமாயிற்று.

நம் நாட்டிலும் ஆராய்ச்சி நடந்தது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி.கோபாலன் குன்னூர் உணவு ஆராய்ச்சிக் கூடத்திலும், அது ஐதராபாத்துக்கு மாறிய பிறகு அங்கும் இந்த நோயை ஆராய்ந்தார். ஒரே மாதிரி சாப்பிடும் ஏழைப் பிள்ளைகளில் ஒன்று வற்றிப்போவதையும் இன்னொன்று வீங்கிப்போவதையும் கண்டு 1960-களில் எடுத்துச் சொன்னார். புரதக் குறை ஒன்றே காரணம் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. வயிறாரச் சாப்பாடே கிடைக்காததுதான் பெரிய குறை என்று அவர் காட்டினார்.

மைசூரில் 1950-ல் திறக்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும் இதில் இறங்கியது. அதன் முதல் இயக்குனர் வி.சுப்பிரமணியன். விலை உயர்ந்த பாலுக்குப் பதில், எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவையும் கடலை மாவையும் சேர்த்து ஒரு சத்து மாவை அங்கே தயாரித்தார்கள்.

1975 அக்டோபர் 2-ந்தேதி மத்திய அரசின் குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, கர்நாடகத்தில் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட வட்டாரம் மைசூர் மாவட்டத்தின் டி.நரசிப்பூர். அங்கன்வாடிகள் அப்படித்தான் வந்தன. தமிழ்நாட்டில் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் 2 வயதுப் பிள்ளையிலிருந்தே சோறு போட்டது. பால் மறந்த பிள்ளைக்குச் சோறு கிடைக்க வேண்டிய வயது அதுதானே.

எடை ஏமாற்றும்

இன்று தெற்கு ஆசியாவில் இந்த வீக்க நோய் பழைய அளவுக்கு இல்லை. மலாவி, காங்கோ, ஜாம்பியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலும் ஹைதி நாட்டிலும் இன்னும் அதிகம். ஆனால் உலகம் முழுவதும் எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கிறது என்பதற்குச் சரியான கணக்கு இல்லை.

இதற்குக் காரணம் இருக்கிறது. 2022-ல் உலகில் 5 வயதுக்குட்பட்ட 4 1/2 கோடி குழந்தைகள் உயரத்துக்கேற்ற எடை இல்லாமல் மெலிந்திருந்தார்கள் என்று ஐ.நா. அமைப்புகள் கணக்குச் சொல்லின. இந்தியாவில் 2019-21-ல் எடுத்த குடும்பநலக் கணக்கில் 100-க்கு 19 பேர் அப்படி. இந்தக் கணக்கெல்லாம் தராசையும் அளவுகோலையும் வைத்து எடுப்பவை. வீங்கிய பிள்ளையின் உடம்பில் தேங்கிய நீரும் தராசில் ஏறுகிறது. எடை சரியாக இருப்பதாகத் தராசு காட்டிவிடுகிறது. காலை அழுத்திப் பார்க்காத கணக்கில் அந்தப் பிள்ளை நோயாளியாக வருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த நோய் சட்டென்று வரும். சில வாரங்களில் பிள்ளை தேறும், அல்லது இறக்கும். ஒருநாள் வந்து கணக்கெடுத்துவிட்டுப் போகிறவர்கள் கண்ணில் பலர் படுவதில்லை.

மேல்கோட்டை வைரமுடித் திருவிழாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூட்டம் போகிறது. கன்னம் உப்பிய ஒரு குழந்தையை அங்கே யார் இடுப்பில் கண்டாலும் செல்லமாகக் கிள்ளத்தான் தோன்றும். நன்றாக விளையாடுகிற பிள்ளை என்றால் கவலை இல்லை. ஆனால் முடி செம்பட்டையாகி, முகம் சோர்ந்து, சாப்பாட்டை வெறுக்கும் பிள்ளையின் இரண்டு பாதங்களையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பார்க்க வேண்டும். இரண்டிலும் குழி நின்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் வைத்து நிறையச் சோறு ஊட்டுவது ஆபத்து. தொற்றுக்கு மருந்து கொடுத்து, பாலுணவைச் சிறிது சிறிதாகக் கூட்டித்தான் இந்தப் பிள்ளையைத் தேற்ற முடியும். இதைச் செய்ய ஆஸ்பத்திரிகளில் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன.

ஒரே உணவை உண்ணும் பிள்ளைகளில் ஒன்று மட்டும் ஏன் வீங்குகிறது என்பது இன்னும் முழுதாக விளங்கவில்லை. மலாவியில் இரட்டைப் பிள்ளைகளை வைத்து ஆராய்ந்து 2013-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று அது தெரிவித்தது.

பெயர் நிலைத்தது

சிசிலி அம்மையார் பிற்காலத்தில் பெய்ரூட் உட்படப் பல இடங்களில் பாடம் நடத்தினார். நோயைக் குணப்படுத்தும் டாக்டரும் நோய் வராமல் தடுக்கும் டாக்டரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆஸ்பத்திரியில் தேறிய பிள்ளை அதே கஞ்சிக்குத் திரும்பிப்போனால் மறுபடி வரும் என்பதை ஆப்பிரிக்காவிலேயே கண்டவர் அவர்.

1992-ம் ஆண்டு ஜூலை மாதம் ஆக்ஸ்போர்டில் காலமானார். அப்போது அவருக்கு வயது 98.

ஒரு நோயை முதலில் விவரித்த டாக்டரின் பெயரையே அதற்குச் சூட்டுவது மருத்துவ உலகில் வழக்கம். சிசிலி அம்மையார் தம் பெயரை வைக்கவில்லை. ஆப்பிரிக்கத் தாய்மார்கள் சொன்ன பெயரையே வைத்தார். உலகத்து மருத்துவப் புத்தகங்களில் இன்றைக்கும் அந்தப் பெயர்தான் இருக்கிறது.