எழுதத் தெரியாத பெண் எழுதிய 115 நாவல்கள்!

எண்ணூர்ல ரயில் ஏறி சென்ட்ரல்ல இறங்குறதுக்குள்ள ஒரு பாக்கெட் நாவலை முடிச்சிடுற ஆளா நீங்க? ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர்னு எல்லாரையும் படிச்சுட்டு, அடுத்து என்னன்னு தேடுறீங்களா? அப்போ ஒரு நூறு வருஷம் பின்னாடி போகலாம் வாங்க.

ராயபுரத்திலிருந்து கடலோரமாகவே தெற்கே வந்தால் திருவல்லிக்கேணி. அங்கேதான் ஒரு பெண் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஆமாம், எழுதலை... சொல்லிக்கொண்டிருந்தார். அவர்தான் வை.மு.கோதைநாயகி அம்மாள்.

1901 டிசம்பர் 1-ம் தேதி பிறந்தவர். ஒரு வயதிலேயே அம்மாவை இழந்தார். ஐந்தரை வயதில் கல்யாணம். மாப்பிள்ளை பார்த்தசாரதிக்கு வயது ஒன்பதுதான்! பள்ளிக்கூடத்துப் பக்கமே கோதை போனதில்லை. ஆனால், புகுந்த வீடு அவரை முடக்கிப்போடவில்லை. மாமியார் தெலுங்கு கற்றுக்கொடுத்தார். கணவர் நாடகங்களுக்கு அழைத்துப்போனார். அக்கம்பக்கத்துக் குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்ல ஆரம்பித்தவருக்கு, ஒருநாள் நாமே நாடகம் எழுதினால் என்ன என்று தோன்றியது. கதை மனசுல இருக்கு. கைதான் எழுதத் தெரியாமல் தடுமாறுது. தோழி பட்டம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார். கோதை சொல்லச் சொல்ல, அவர் எழுதினார். 1924-ல் 'இந்திரமோகனா' நாடகம் புத்தகமாகவே வந்துவிட்டது.

அப்போ தமிழ் க்ரைம் உலகம் முழுக்க ஆண்கள் ராஜ்ஜியம். ஆரணி குப்புசாமி முதலியார், துப்பறியும் கோவிந்தனைப் படைத்த ஜே.ஆர்.ரங்கராஜு, 'திகம்பர சாமியார்' எழுதிய வடுவூர் துரைசாமி ஐயங்கார் எனப் பெரிய பெரிய கைகள். நாவல் படிச்சா பெண்கள் கெட்டுப்போயிடுவாங்கன்னு வீடுகளில் பயந்த காலம் அது. படிக்கவே தடை இருந்த இடத்தில், ஒரு பெண் துப்பறியும் நாவலே எழுதினால் எப்படி இருக்கும்?

1925-ல், நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' இதழை கோதைநாயகியும் கணவரும் எடுத்து நடத்த ஆரம்பித்தார்கள். ஆசிரியர் கோதைதான். அதில் அவருடைய முதல் நாவலான 'வைதேகி' தொடராக வந்தது. ஊரும் உறவும் ஏசின, கேலி செய்தன. அவர் நிறுத்தவில்லை. சுமார் 35 ஆண்டுகள் அந்த இதழை நடத்தினார். எழுதிய நாவல்கள் மொத்தம் 115.

எல்லாமே துப்பறியும் கதைகள் இல்லை. ஆனால், அடுத்து என்ன ஆகுமோன்னு பக்கத்தைப் புரட்டவைக்கிற அந்த வித்தையை அவர் கடைசிவரை விடவில்லை. திருப்பம், மர்மம் என்று வாசகியை உள்ளே இழுத்துவிட்டு, விதவை மறுமணம், குடி, வரதட்சணை என்று பேச ஆரம்பித்துவிடுவார். வீட்டுக்குள் பேசக் கூடாத விஷயங்களை, கதைப் புத்தகத்துக்குள் மறைத்து அனுப்பினார் என்றே சொல்லலாம்.

கதைக்கு வெளியேயும் அவர் சும்மா இருக்கவில்லை. 1925-ல் காந்தியைச் சந்தித்த பிறகு பட்டும் நகையும் போயின, கதர் வந்தது. கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணி எதிர்ப்பு என்று இறங்கி, வேலூர் சிறைக்குப் போனார். அங்கேயும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. சிறையில் இருந்த பெண்களின் கதைகளைக் கேட்டு எழுதினார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942-ல் ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். அந்தப் போர்க்காலத்தில் கோதைநாயகியும் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் குடிபெயர்ந்தார். காகிதப் பஞ்சம் வேற. அதையும் தாண்டி 'ஜகன்மோகினி' வந்தது. கடைசிக் காலத்தில் ஒரே மகனின் மரணம் அவரை உடைத்துப்போட்டது. காசநோயும் சேர்ந்துகொள்ள, 1960 பிப்ரவரி 20 அன்று மறைந்தார். அவருடைய 'தயாநிதி' நாவல்தான் 1966-ல் பத்மினி நடித்த 'சித்தி' படமானது. அதைப் பார்க்க அவர் இல்லை.

சரி, எதிலிருந்து தொடங்கலாம்? 'வைதேகி'யிலிருந்தே தொடங்குங்க. பழைய நடை, நீள நீளமான வாக்கியம், நம்ப முடியாத தற்செயல்... முதல் சில பக்கங்கள் கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும். இன்றைய க்ரைம் நாவல் வேகத்தை எதிர்பார்க்காதீங்க.

ஒரு சின்ன யோசனை. கண்ணால் மட்டும் படிக்காமல், வீட்டில் யாராவது ஒருவர் வாய்விட்டு வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பாருங்க. ஒரு தோழி சொல்ல, இன்னொரு தோழி எழுத ஆரம்பமான எழுத்து அது. காதால் கேட்கும்போதுதான் அதன் ருசி தெரியும்!